இறங்குதுறையில் அம்மாவின் இடம்

மாசி 12, வியாழன். முல்லைத்தீவு.

நாளை அலுவலகத்தில் வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். உல்லாசக் கப்பல்களுக்கான இறங்குதுறை. ஊரைத் திரும்பவும் கடலோடு சேர்க்கும் கட்டடம். மண்டபம் முழுக்கக் கண்ணாடி. எல்லா இருக்கைகளும் கடலைப் பார்க்கின்றன.

பின்னேரம் அம்மாவிடம் காட்டினேன். சுனாமியில் அண்ணா போன பிறகு அவர் கரைப்பக்கம் வந்ததில்லை.

"கப்பலிலை வாறவை கடலைப் பார்த்து அலுத்துத்தானே இறங்குவினம், பிள்ளை?" என்றார்.

சிரித்தேன். "திறப்புவிழாவுக்கு வருவீங்களோ அம்மா?"

"வாறன். நான் எங்கை இருக்கிறது?"

வரைபடத்தில் தேடினேன். அவருக்கு இடம் இல்லை. அம்மா தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

இப்போது கடலுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து, அம்மா உட்கார ஒரு வாங்கு வரைந்திருக்கிறேன். நாளை காரணம் கேட்பார்கள். அந்த அலுவலக மேசையில் அண்ணாவைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

காலை வெயில் கண்ணில் கூசாமல் இருக்க என்று சொல்வேன்.