புளியங்குடியில் பந்தி வழக்கு

சங்கரன்கோவில்
4.5.2025

என் ராசாத்தி பொன்செல்விக்கு,

ஆச்சி எழுதுதேன். போனில் பேசினால் காற்றோடு போய்விடும். இது எழுத்தில் இருக்கட்டும்.

ஆவணியில் உன் கல்யாணத்துக்கு என் தங்கச்சி சண்முகசுந்தரி வந்தால் நான் வர மாட்டேன். அவள் மகன் கல்யாணத்தில் சொந்த அக்காளை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தாள். என் இலைக்கு ஒடிந்த அப்பளம். மறப்பேனா?

அது கிடக்கட்டும். நீ வெளிநாட்டு சர்க்காருக்கெல்லாம் வக்கீலாமே? சர்க்கார் மேலேயே கேஸ் போட்டால் எந்த ஜட்ஜு விசாரிப்பான்?

கோபம் தீராத ஆச்சி,
கோமதித்தாய்

தி ஹேக், நெதர்லாந்து
19.5.2025

அன்புள்ள ஆச்சி,

ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டு அரசுக்காக வாதாடுகிறேன். ஆற்றைக் கெடுத்த சுரங்கத்தை மூடியதற்குக் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. அந்த நாட்டுக் கோர்ட்டு என்றால் கம்பெனி நம்பாது. கம்பெனி ஊர்க் கோர்ட்டு என்றால் நாங்கள் நம்ப மாட்டோம். அதனால் பொதுவான மூன்றாவது ஊர், இந்த ஹேக். ஆளுக்கொரு நடுவரைச் சொல்வோம். அந்த இருவரும் சேர்ந்து ஒரு தலைவரை வைப்பார்கள்.

சின்ன ஆச்சியும் நீங்களும் வராமல் நான் மணவறை ஏற மாட்டேன்.

உங்கள் பேத்தி,
பொன்செல்வி

சங்கரன்கோவில்
8.6.2025

ராசாத்திக்கு,

உன் கோர்ட்டை இங்கேயும் வைத்துவிட்டேன். சங்கரன்கோவில் என் ஊர், சிவகிரி அவள் வாக்கப்பட்ட ஊர். அதனால் நடுவே புளியங்குடி. அவளுக்கும் ஆள் விட்டுச் சொன்னேன். என் நடுவர் எலுமிச்சங்காய் கமிஷன் கடை மீரா பீவி. எங்கள் அய்யா தோட்டத்துக் காயை அவளிடம்தான் போடுவோம்; ஒருநாளும் பொய் பேசியதில்லை. அங்கே போனால், சண்முகசுந்தரியும் தன் நடுவராக அவளையே சொல்லியிருக்கிறாள்!

மீரா பீவி சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. "ஏட்டி, ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் நம்புதிய. பொறவு என்னத்துக்குச் சண்ட?" என்றாள்.

தீர்ப்பு இதுதான்: உன் கல்யாணத்தில் எங்கள் இருவருக்கும் முதல் பந்தி கிடையாது. சேர்ந்து நின்று பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட வேண்டுமாம். இதுக்கு அப்பீல் உண்டா?

ஆச்சி

தி ஹேக்
23.6.2025

அன்புள்ள ஆச்சி,

அப்பீல் கிடையாது. எங்கள் வழக்கும் ஜெயித்தது. சுரங்கம் மூடியது மூடியதுதான். ஆனால் எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது, உங்களுக்கு ஒரே நாள்!

பொன்செல்வி

சங்கரன்கோவில்
10.7.2025

ராசாத்திக்கு,

அப்பீல் இல்லையென்றால் சரி. பரிமாறி ஒத்திகை பார்க்க வேண்டுமே என்று நேற்று சிவகிரிக்குப் போனேன். "வாக்கா" என்று தங்கச்சி வாசலுக்கே வந்துவிட்டாள். எனக்குத்தான் முதல் இலை. அப்பளம் முழுசாக இருந்தது.

இதையும் எழுதி வைத்துக்கொள். உன் ஆச்சி எதையும் மறக்க மாட்டாள்.

கோமதித்தாய்