பொக்லைன் இறங்கிய தொட்டி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகளும் என் பேத்தியும் அங்கே தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும், அது ஒன்று. இன்னொன்று, இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. உன் நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன், பேத்தி எடுத்து ஹலோ என்றதுகூடக் கேட்டது. என் எழுத்து உனக்குத் தெரியும், நிறுத்தி நிறுத்திப் படி.

கீழே குளியலறை கட்டுகிற வேலை என்னவாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அப்பாவுக்குக் கால் விழுந்த பிறகு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளிக்க வைக்க முடியவில்லை, பின்பக்கம் ஒன்று கட்டிவிடலாம் என்று நாம் பேசியதுதான். ஆனால் பின்பக்கத்தில் அந்தப் பழைய காங்கிரீட் தரை இருக்கிறதே, சம்மட்டியால் அடித்தால் சம்மட்டிதான் எகிறுகிறது, கொத்தனார் கையை விரித்துவிட்டார். உடைக்கிற மூக்கு வைத்த சின்னப் பொக்லைன் வாடகைக்குக் கிடைக்கும், ஆளோடு அனுப்புவார்கள் என்று நீதான் சொன்னாய். வாடகைக்காரர் டேப் பிடித்து அளந்து பார்த்தார். உங்கள் வாசல் வழியாகப் போனால் தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் ஏறித்தான் போக வேண்டும், அது தாங்காது, பக்கத்து வீட்டு கேட் நல்ல அகலம், அந்த வழியாகப் போய் பின்சுவரில் கொஞ்சம் கல்லை எடுத்தால் நேராக உள்ளே இறக்கிவிடலாம், ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள் என்றார். பக்கத்து வீடு யார் வீடு, உன் அத்தை வீடு. நீயும் போனில் அதையேதான் சொன்னாய், அத்தையிடம் ஒரு வார்த்தை கேளும்மா என்று.

மறுபடி நீ பேசியபோது, கேட்டேன், முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிவிட்டாள், அவள் பூச்சட்டியெல்லாம் வீணாகிவிடுமாம் என்று சொன்னேன். மகனே, நான் கேட்கவே இல்லை. அவள் வீட்டுப் படியே ஏறவில்லை. பூச்சட்டிக் கதை அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது. இதை எழுதிவிட்டேன், இனிமேல் மிச்சத்தை எழுதக் கை வரும்.

ஏன் கேட்கவில்லை என்றால், உனக்குச் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன காரணம்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அப்போது காலேஜ் போய்க்கொண்டிருந்த உன் அத்தை அதை எடுத்துவந்து கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்தாள், நான் எழுத்தை முழுங்கியிருந்த இடத்திலெல்லாம் முழுங்கி முழுங்கியே படித்துக் காட்டினாள். மாமனார் சிரித்தார், பால்காரர் வாசலில் நின்று சிரித்தார், உன் அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. எனக்கு எதுவும் மறக்காது, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவளிடம் போய் உன் கேட்டைக் கொஞ்சம் திறந்துவிடு என்று நிற்பதா என்று இருந்தது. கேட்டால் உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் கசந்தது.

உன்னிடம் சொன்ன பொய்யையே வாடகைக்காரரிடமும் சொன்னேன். தொட்டி மூடி போட்ட அன்று நான் கூடவே நின்றேன், விரல் தடிமனில் கம்பி கட்டினார்கள், யானை ஏறினாலும் தாங்கும் என்று அடித்துப் பேசினேன். அவர் அரைமனதோடு வண்டியை அனுப்பினார். ஓட்டிக்கொண்டு வந்தவர், கழுத்தில் துண்டு போட்ட மனிதர், இறங்கி மூடியைக் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் சரியில்லையே அம்மா என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு வண்டியைத் தெரியும், எனக்கு என் வீட்டைத் தெரியும் என்றேன். பாவம், பலகையைப் போட்டு ஏற்றினார். பாதி தாண்டவில்லை, மூடி அப்படியே உள்ளே போய்விட்டது. வண்டியின் பின்பக்கம் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது, மூக்கு மேலே எழும்பி நம் வாசல் நிலையில் சாய்ந்துவிட்டது. அந்த மனிதர் குதித்துவிட்டார், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, இல்லையென்றால் நான் இன்றைக்கு எந்த முகத்தோடு இருப்பேன். உடைந்த மூடியைப் பார்த்தேன். கம்பி கட்டியது உண்மைதான், ஆனால் இத்தனை வருஷ ஈரத்தில் துருப்பிடித்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. என் ஞாபகத்தில் இருந்தது புதுக் கம்பி.

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அதை விடு, உன் அப்பா உள்ளே மாட்டிக்கொண்டார். அன்று மத்தியானம் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் வண்டி பின்பக்கம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கதவு திறக்கவில்லை. வண்டி போக வேண்டிய பக்கமும் அடைபட்டுவிட்டது. மறுபக்கம் ஓராள் ஒருக்களித்து நுழைகிற சந்து வழியாகப் பின்பக்கம் ஓடி, கட்டிலருகே போய் நின்றேன். என்ன சத்தம், என்ன சத்தம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் அத்தையின் குரல் கேட்டது. அண்ணா பயப்படாதீங்க, நாங்க வர்றோம் என்றாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் கையில் சிராய்ப்போடு நின்ற அந்த ஓட்டுநரும் சேர்ந்து சுவர்க் கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். நாற்காலியில் வைத்து அப்பாவை அவர்கள் வீட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் இருந்த பூச்சட்டிகளை அவளே காலால் தள்ளிவிட்டாள், உடைந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவைப் படுக்க வைத்த பிறகு, அவள் தன் போனை என் முன்னால் நீட்டினாள். நீ அனுப்பியிருந்த செய்தி. உங்க அண்ணனைவிட உங்களுக்குப் பூச்சட்டி பெரிசாப் போச்சு, இனி உங்க வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அது வந்து ஒரு வாரம் ஆகியும் அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள், “அண்ணி, நீங்க என்கிட்ட எப்போ கேட்டீங்க?” நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன். நான் வெளியே வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்த மிஷினைத் தூக்க இன்னொரு மிஷினை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. கிரேன் அவள் வீட்டு கேட் வழியாகத்தான் வந்தது, யாரும் கேட்காமலேயே திறந்து வைத்திருந்தாள். பிறகு பொக்லைனும் அதே வழியாகப் பின்பக்கம் போய் அந்தத் தரையை உடைத்துப் போட்டுவிட்டுப் போயிற்று. குளியலறைக்குச் சுவர் எழும்புகிறது. செலவைப் பற்றி உன் அக்கா சொல்லுவாள், எனக்குத் தலைகுனிவு அதில் இல்லை. என் பேச்சைக் கேட்டு நீ அவளுக்கு அப்படி எழுதிவிட்டாய், அதில்தான். உன்னைத் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். மழையில் தன் முந்தானையை உன் தலையில் போட்டு மிதித்துக்கொண்டு போவாள். அதையும் நான் மறக்கவில்லை, ஆனால் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மருமகளிடம் மறைக்காதே, நான்தான் பொய் சொன்னேன் என்று நான் எழுதியபடியே சொல்லு. பேத்திக்கு மட்டும் இப்போது வேண்டாம், வளர்ந்த பிறகு தெரியட்டும். குளிரில் அவளுக்குக் காதை மூடி அனுப்பு. நீயும் கோபத்தில் யாருக்கும் எதையும் எழுதி அனுப்பாதே, ஒரு பொழுது போகட்டும் என்று வை, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது.

இதுவரை எழுதி மடித்துவிட்டேன். பிறகு பிரித்து, உன் அத்தையைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, “உன் அண்ணனுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் படி” என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என்னால் முடிந்தது இதுதான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். நான் எழுத்தை முழுங்கியிருந்த இடத்தில் அவளே சேர்த்துக்கொண்டு படித்தாள், கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்கவே இல்லை என்ற இடத்தில் அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். தலையணைக் கடிதம் வந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். முழுவதும் படித்து முடித்து, மடித்து என் மடியில் வைத்துவிட்டு, அன்னிக்கு நான் கட்டியிருந்தது நீலம் அண்ணி, பச்சை இல்ல என்றாள்.

பச்சைதான். நான் எழுதியதை அடித்துத் திருத்தப் போவதில்லை. ஆனால் அவள் அப்படிச் சொன்னாள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இது கிடைத்ததும் முதலில் அத்தைக்குப் போன் செய், அப்புறம் எனக்கு. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா