பிடிக்கிறது, பிடிக்கவில்லை, விலை அதிகம்

மார்ச் 4

ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். செல்போன் கடைக்கு மேல்மாடி. நாலு பெஞ்சு, ஒரு வெள்ளைப் பலகை, சுவரில் காரணமே இல்லாமல் சிரிக்கிற குழந்தைகளின் படம்.

எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. எதிர்க்கடைக்காரன் வாய் கூசாமல் எதையோ உளறி அவர்களிடம் டவல் விற்றுவிடுகிறான். என் கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பிறகு அவன் கடைக்குப் போய் வாங்குகிறார்கள். விரிப்பும் திரைச்சீலையும் விற்றே சொந்தக் கடை போட்டவனுக்கு இது ஒரு வித்தையா என்று போய் உட்கார்ந்தேன்.

டீச்சரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பாடம், கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவது. மேஜைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் வாழைப்பழம், எல்லாவற்றிலும் விலைச் சீட்டு. வாங்குகிறவர் “ஹவ் மச்?” என்று கேட்க வேண்டும். விற்கிறவர் விலையைச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் “ஐ லைக் இட்” என்று சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இதற்குப் பெயர் வியாபாரமா? பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்தவனுக்கு நான் காலணா குறைத்ததில்லை. இந்த அம்மா ஒரு கைக்குட்டையாவது பேரம் பேசி வாங்கியிருப்பாரா?

மார்ச் 6

இன்று நான் வாங்குகிறவன். விற்பவர் பக்கத்து பெஞ்சு டாக்ஸி டிரைவர். ஆப்பிளைக் கையில் எடுத்தேன். உருட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். சொன்ன விலையில் பாதி கேட்டேன். டிரைவர் டீச்சரம்மாவைப் பார்த்தார், திரும்ப அதே விலையைச் சொன்னார். சரிதான் போ என்று ஆப்பிளை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். கூப்பிடுவார்கள் இல்லையா? எந்தக் கடையிலும் கூப்பிடுவார்கள்.

கூப்பிடவில்லை. கீழே செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “சார்ஜரா சார்?” என்று கேட்டதுதான் மிச்சம்.

உள்ளே போனால் அடுத்த ஜோடி பேசிக்கொண்டிருக்கிறது. “பாதியில எழுந்து போயிட்டீங்களே, உடம்புக்கு முடியலையா?” என்றார் டீச்சரம்மா. டிரைவர் மெதுவாக, “சார், அந்த ஆப்பிளை வேற ஆள் வாங்கிட்டுப் போயாச்சு” என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது.

இனி அந்தப் படி ஏறுவதாக இல்லை.

மார்ச் 7

கட்டிய பணம் திரும்ப வராதாம். அந்த மாடியில் நடக்கிற ஒரே உருப்படியான வியாபாரம் இதுதான்.

மார்ச் 9

எனக்குப் பதில் வேறு ஆள் வரலாம் என்றார்கள் வகுப்பில். மனைவியை அனுப்பினேன். “நான் போய் என்னங்க பண்ணப் போறேன்?” என்றாள். “சும்மா உக்காந்துட்டு வா. ஃபேன் நல்லா சுத்துது” என்றேன். பணம் கட்டின இடம் காலியாகக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் 17

வீட்டுப்பாடமாம். வீட்டில் இருக்கும் பொருள்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிப் பழக வேண்டுமாம். அபிப்பிராயம்! கல்யாணமான நாளிலிருந்து, “உனக்கு எது வேணும்?” என்றால் “எதுவானாலும் சரிங்க” என்று சொல்கிறவள், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக விரலை நீட்டுகிறாள். சோபா, டோன்ட் லைக். கடிகாரம், லைக். என் கோடு போட்ட சட்டை, டோன்ட் லைக்.

“சட்டைக்கு என்ன குறைச்சல்?” என்றேன்.

“அதைச் சொல்ற பாடம் இன்னும் வரலைங்க” என்றாள்.

மார்ச் 21

தெருமுனையில் திறக்கப்போகிற பெரிய விடுதிக்கு எல்லா அறைக்கும் விரிப்பு வேண்டுமாம். மேலாளர் ஒரு வெளிநாட்டுக்காரி. வருகிற வியாழக்கிழமை நேரில் வந்து பார்க்கிறாள்.

என் கிடங்கு முழுக்கப் பளபளா பாலியெஸ்டர் விரிப்பு. ஒரு மில்லை மூடும்போது மொத்தமாக அள்ளியது. கைமுதல் பூராவும் அதில்தான் முடங்கிக் கிடக்கிறது. எவனும் தொட மாட்டேன் என்கிறான், ரசனை கெட்ட ஜனம். வெளிநாட்டுக்காரிக்கு நம் வெயிலைப் பற்றி என்ன தெரியும்? பளபளப்பைப் பார்த்ததும் விழுந்துவிடுவாள். விழுந்தால் தப்பித்தேன். இல்லையென்றால் அடுத்த சீசனுக்குச் சரக்கெடுக்கக் கையில் ஒன்றும் கிடையாது.

மார்ச் 23

டீச்சரம்மா கடைக்கே வந்தார். மாணவர்கள் நிஜக் கடையில் பேசிப் பழக வேண்டுமாம், ஒரு மணி நேரம் இடம் கொடுப்பீர்களா என்றார். வாங்காமல் வாயடிக்க வருகிற கூட்டம். விரட்டத்தான் நினைத்தேன். பிறகு பொறி தட்டியது – வியாழக்கிழமை வரட்டும். மேலாளர் நுழையும்போது கடையில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நின்றால் எப்படி இருக்கும்? காசு கொடுத்தாலும் கிடைக்காத கூட்டம்.

“தாராளமா வாங்கம்மா. எல்லாரும் நல்ல விதமா நாலு வார்த்தை சொன்னாப் போதும்” என்றேன்.

“அவங்கவங்க மனசுல பட்டதைச் சொல்லணும் சார், அதுதான் பாடம்” என்றார்.

பாடமாவது! ஆப்பிள் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

எழுதித் தொலைத்தால்தான் தூக்கம் வரும்.

நான் போட்ட கணக்குப்படியே கூட்டம். டிரைவர் ஒவ்வொரு டவலாகத் தூக்கி “டூ எக்ஸ்பென்சிவ்” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரைச்சீலை, தலையணை உறை, சுவரில் மாட்டியிருந்த என் குடை வரைக்கும். மேலாளர் வந்தாள். பளபளா விரிப்பை மேஜை முழுக்க விரித்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “வெரி குட் குவாலிட்டி.” தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரி, கைதேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் திரும்பினாள். அங்கே என் மனைவி, வகுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு நிற்கிறாள். யாரோ வாடிக்கைக்காரி என்று நினைத்து மேலாளர் கேட்டாள்: “வாட் டூ யூ திங்க்?”

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பாவி இரண்டு வாரமாகப் பதில் பழகிக்கொண்டிருக்கிறாள்! பலகைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

“ஐ டோன்ட் லைக். இட் இஸ் ஹாட். இட் இஸ் நாய்ஸ்.” விரிப்பைக் கையில் கசக்கிச் சரசரவென்று சத்தமும் காட்டினாள். பிறகு மூலையில் கிடந்த சாதா பருத்தி விரிப்பைத் தொட்டு, “ஐ லைக் திஸ். இட் இஸ் சீப்” என்றாள்.

டீச்சரம்மா கைதட்டினார். கைதட்டினார்!

மேலாளர் அவளிடம் இன்னும் ஏதோ கேட்டாள், இந்தக் கடைக்கு அடிக்கடி வருவீர்களா என்பது போல. “ஐ வைஃப்” என்று சொல்லி என்னைக் கைகாட்டினாள் என் மனைவி. மேலாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என்னிடம் இருந்த ஆங்கிலம் ஒரே வாக்கியம். அதையே இன்னொரு தடவை சொன்னேன்.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சொந்தக் கடையில், சொந்தப் பெண்டாட்டி –

கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். “உனக்குப் புத்தி எங்க போச்சு? சும்மா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வீட்டுல அதுலதானேங்க படுக்கறேன். ராத்திரி பூரா வேர்த்து ஊத்துது, புரண்டா சத்தம்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லலை?”

“நீங்க வாங்கிட்டு வந்துதான காட்டுனீங்க. வாங்கினதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது?” வகுப்புப் பையை ஆணியில் மாட்டினாள். “அந்தம்மா வாங்கறதுக்கு முன்னாடி கேட்டாங்க.”

மார்ச் 27

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 28

யோசித்துப் பார்த்தால், குற்றம் அவளுடையது அல்ல, அந்தப் படிப்புடையது. பொய் சொல்வதற்கு நிறைய வார்த்தை வேண்டும். தமிழில் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை, விலை அதிகம், இவ்வளவை மட்டும் கையில் கொடுத்து ஒருத்தியைக் கடையில் நிறுத்தினால் அவள் உண்மையைத் தவிர எதைச் சொல்வாள்? காசு வாங்கிக்கொண்டு மனிதர்களை வியாபாரத்துக்கு லாயக்கில்லாமல் ஆக்குகிறார்கள்.

ஏப்ரல் 3

மேலாளர் திரும்ப வந்தாள்.

என்னிடம் வரவில்லை. “மேடம்?” என்று கேட்டாள். வீட்டிலிருந்து வரவழைத்தேன். இரண்டு பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று நாலே வார்த்தையை வைத்துக்கொண்டு அரை நாள் பேசினார்கள். எல்லா அறைக்கும் பருத்தி விரிப்பு. கூடவே திரைச்சீலையும். பேரமே இல்லை! இவள் விலையைச் சொன்னாள், அவள் தலையாட்டினாள். என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். இன்னும் பத்துச் சதவீதம் ஏற்றிச் சொல்லியிருக்கலாம், மடச்சி.

முன்பணம் கைக்கு வந்துவிட்டது, சீசனுக்குச் சரக்கு எடுத்துவிடலாம்.

ஏப்ரல் 12

பளபளா விரிப்பு அத்தனையையும் எதிர்க்கடைக்காரன் தலையில் கட்டினேன், நஷ்டத்துக்குத்தான். அவனுக்குத்தான் இங்கிலீஷ் அருவி மாதிரி கொட்டுகிறதே, விற்றுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 20

அடுத்த நிலை வகுப்பு ஆரம்பிக்கிறதாம். எதிராளி மனம் நோகாமல் அபிப்பிராயம் சொல்வது எப்படி என்பது பாடம். “வேண்டாம், இதோட நிறுத்திக்கோ, இப்ப இருக்கற இங்கிலீஷ் போதும்” என்றேன். தன் கைக்காசைக் கட்டிச் சேர்ந்துவிட்டாள். பகலெல்லாம் கடையில் நிற்கிறவள் சாயந்திரம் வகுப்புக்குப் போய்விடுகிறாள், கல்லாவில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவனெல்லாம் “மேடம் இல்லையா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஜூன் 11

மொத்த வியாபார ஏஜென்ட் புது மெத்தை உறைகளோடு வந்தான். “அண்ணே, கையில பிடிச்சா விட மாட்டீங்க.” பிடித்தேன். நல்ல கனம். விலை இன்னும் நன்றாக இருந்தது. ‘சரி, இறக்கு’ என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாதிரி உறையை மேஜைமேல் என் மனைவி பக்கம் தள்ளினேன்.

பில் போட்டுக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்தாள். உள்பக்கத்தைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள். “வேண்டாம்” என்றாள். தமிழில்.

ஏஜென்ட் சிரித்தான். “அண்ணி தமாஷ் பண்றாங்க. நீங்க சொல்லுங்கண்ணே.”

“அதான் சொல்லியாச்சே” என்றேன்.