ஒன்பது கிலோ

நாள் 188. காலை 7:15. தெற்கு நிலையம்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. வெளியே தூசி, வழக்கம்போல. பதிவு எழுதுவது பேச்சியம்மாள், நிலவியல் பிரிவு. என்றைக்காவது இந்த நிலையத்தைக் கண்டுபிடித்து இதைப் படிக்கப்போகிறவருக்கு ஒரு தகவல்: இந்தக் கிரகத்துக்குக் கரம்பை என்று பெயர் வைத்தது நான்தான். மேலிடத்தில் ஏதோ எண் கொடுத்திருந்தார்கள், அது வாயில் நுழையவில்லை.

காலை எடை 66. புறப்படும்போது 74 இருந்தேன். பருப்புக் கஞ்சியும் காய்ப்பொடியும் தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. அலமாரி நிறையச் சாப்பாடு இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஏன் இந்தப் பட்டினி என்றால், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கப்பலுக்கு எங்களைக் கொண்டுபோக இந்த நிலையத்தோடு ஒட்டி ஓர் ஏறுகலம் இருக்கிறது. போன புயலில் எரிபொருள் தொட்டி ஒன்று வெடித்துவிட்டது. மிச்சமுள்ள தொட்டியை முழுக்க நிரப்பினாலும் இரண்டு பேரையும் சேர்த்து 118 கிலோதான் தூக்கும். கலத்துக்குள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் போட்டாயிற்று. இனிக் கழற்ற எங்கள் சதைதான் பாக்கி.

இன்னொரு ஆள் இசக்கிமுத்து அண்ணாச்சி, எரிபொருள் பொறியாளர். வடக்கு ஆலையில் இருக்கிறார். வண்டியில் வந்தால் இரண்டு நாள் பாதை. ஆலையை ஒரு நாள் விட்டால்கூடக் குழாயெல்லாம் உறைந்துபோகும், அதனால் ஏறுகிற நாள் வரைக்கும் அவர் அங்கே, நான் இங்கே. அவருடைய இலக்கு 61. போன வாரமே தொட்டுவிட்டார். என் இலக்கு 57. இன்னும் ஒன்பது கிலோ.

வடக்கிலிருந்து: "சாப்ட்டியா பிள்ள?"

இங்கிருந்து: "சாப்ட்டாச்சு அண்ணாச்சி. நீங்க?"

வடக்கிலிருந்து: "நா அப்பமே சாப்ட்டேன்."

தினமும் இதே மூன்று வரி. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அடுப்பு பற்றவைக்காத வீட்டிலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வார்கள்.

நாள் 191. மாலை 4:40.

துளைக்குழாய் அடுக்கு சரிந்து காலில் விழுந்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தவழ்ந்து உள்ளே வந்தேன். தாய்க்கப்பலில் இருக்கும் டாக்டர் ஷாஹிதா சொல்லச் சொல்ல நானே இழுத்து வைத்துக் கட்டினேன். என்னென்ன கத்தினேன் என்பது அவர்கள் ஒலிப்பதிவில் இருக்கும். மன்னிக்கவும்.

நாள் 193. காலை 9:00.

தாய்க்கப்பலிலிருந்து: "பேச்சி, எலும்பு கூடுற நேரத்துல எடை குறைக்கிற வேலையே வேணாம். படுத்தே இருந்தாலும் உடம்பு உள்ளுக்குள்ள வேலை செஞ்சிட்டேதான் இருக்கும். ஆயிரத்து இருநூறு கலோரி பத்தாது, ரெண்டாயிரத்துக்கு ஏத்துங்க. பருப்பு, முட்டைப்பொடி ரெண்டும் இரட்டிப்பா. 66ல நிக்கட்டும். கால் ஊனி நடந்தப்புறம் குறைக்கலாம்."

அதற்குள் ஏறுகிற நாள், 243, வந்துவிடும் என்றேன்.

"வரட்டும். கலத்துல ஏற முப்பது படி ஏணி இருக்கு. ஒட்டாத காலை வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவீங்க? முதல்ல சாப்பிடுங்க."

வடக்கிலிருந்து: "டாக்டரம்மா, அந்த ஒம்பது கிலோவ நா பாத்துக்கிடுதேன்."

"நீங்க எதையும் பாத்துக்க வேணாம் இசக்கி. ஆளும் நெட்டை, வேலையும் முதுகு ஒடியிற வேலை. 61க்குக் கீழ ஒரு கிலோ இறங்கக் கூடாது. இங்க வேற வழி தேடிட்டிருக்காங்க."

"சரிம்மா. இறங்கல."

புயலில் தராசுகளின் தானியங்கி இணைப்பு போனதிலிருந்து எடையை வாயால்தான் சொல்கிறோம். அவர் 61, நான் 66.

நாள் 198. பகல் 1:20.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். பொய் சொல்லாமல் இருக்க இந்தப் பதிவு ஒன்றுதான் எனக்குப் பாக்கி.

நான் இரண்டாயிரம் சாப்பிடவில்லை. ஆயிரம்கூட இல்லை. மேலே வழி தேடுகிறார்களாம். ஐந்து நாளாகத் தேடுகிறார்கள். வழி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு ஆள் இங்கேயே இருக்க வேண்டும். அண்ணாச்சி அரை நிமிஷம்கூட யோசிக்க மாட்டார், நீ போ பிள்ள என்று கதவைச் சாத்திவிடுவார். அவருக்கு ஊரில் மகள் இருக்கிறாள், செவ்வந்தி. கல்யாணத்தை இவர் வருகைக்காகத் தள்ளி வைத்திருக்கிறாள். என்னால் ஒரு மனுஷன் இந்த மண்ணில் கிடந்து சாக வேண்டாம். ஒன்பது கிலோ என்னுடையது. நானே குறைக்கிறேன்.

உண்மை எடை 64. வானொலியில் 66 என்றேன். டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார், அண்ணாச்சிக்குத் தெரிந்தால் இன்னும் மோசம்.

நாள் 209. காலை 10:05.

உண்மை எடை 60. சொன்னது 66. காலை ஊன்றினால் கண்ணில் பொறி பறக்கிறது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது. எழுந்து நின்றால் சுவர் சுற்றுகிறது. மற்றபடி சௌக்கியம்.

தாய்க்கப்பலிலிருந்து: "நீங்க அனுப்பின எக்ஸ்ரே படம் பாத்தேன். புது எலும்பு படியவே இல்லையே. ஒழுங்கா சாப்பிடறீங்கதானே?"

இங்கிருந்து: "சாப்பிடறேன் டாக்டர்."

"அப்ப ஏன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. படுக்கையில் கிடந்துகொண்டு அரிசிப் பொட்டலத்தின் மேலே இருக்கும் படத்தைப் பார்க்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் பார்க்கிறேன்.

நாள் 221. காலை 8:30.

தாய்க்கப்பலிலிருந்து, கப்பல் தலைவர்: "எல்லாக் கணக்கும் போட்டுப் பாத்துட்டோம். 127ஐ அது தூக்காது. 118தான். ஒன்பது கிலோவுக்கு எங்ககிட்ட வழி இல்ல. மன்னிச்சுக்குங்க."



வடக்கிலிருந்து: "அதெல்லாம் ஆயிரும் சார். கடைசி நேரத்துல ஏதாச்சும் வழி பொறக்கும். பிள்ள, நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மை எடை 57. இலக்கைத் தொட்டுவிட்டேன். நேரில் வரும்போது தராசில் ஏறி நின்று காட்ட வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் குறைத்தால் அவர் வழியில் நிம்மதியாக இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடலாம். குறைப்பேன்.

அவர் குரல் ஏன் இப்படித் தேய்ந்து கேட்கிறது என்று தெரியவில்லை. ஒலிபரப்பி பழுதாக இருக்கும்.

நாள் 240. மாலை 5:10.

அண்ணாச்சி வந்துவிட்டார். கடைசி எரிபொருள் கலனோடு.

கதவு திறந்தபோது வேறு யாரோ என்று பயந்துவிட்டேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டை தோளில் தொங்கியது. கையில் பெரிய பை. அதை என் படுக்கையில் கவிழ்த்தார். பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள். இன்னும் வண்டியில் இருக்கிறதாம்.

"ஒனக்குத்தான் பிள்ள. எலும்பு கூடணும்லா."

நான் தராசைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி நின்றோம். 102.

"நீ அறுவத்தாறுன்னியே."

"நீங்க அறுவத்தொண்ணுன்னீங்களே."

நான் 54. அவர் 48. ஒரே ஒன்பது கிலோவை நான் இங்கே குறைத்திருக்கிறேன், அவர் அங்கே குறைத்திருக்கிறார். நான் 66 என்று சொல்லச் சொல்ல அவர் தன் வயிற்றைக் கட்டியிருக்கிறார். அந்த உடம்போடு தினமும் ஆலையில் வால்வு திருப்பியிருக்கிறார். பதினாறு கிலோ உபரி. எங்களுக்கு முட்டாள் என்று பெயர் வைத்தால் போதாது.

அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நான் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, "சரி விடு. செவ்வந்தி கல்யாணத்துக்கு மெலிஞ்ச மாப்பிள்ள மாதிரி போய் நிப்பேன்" என்றார்.

மாலை 7:30.

சமைத்தேன். ஏறுவதற்கு மூன்று நாள் இருக்கிறது, பதினாறு கிலோ உபரி இருக்கிறது, இன்னும் எதற்குப் பட்டினி? சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, பொட்டலப் பாயசம், அதில் கூடுதலாகச் சர்க்கரை. போதும் போதும் என்றார். இன்னும் ஒரு கரண்டி என்று வைத்தேன். கையைக் குறுக்கே வைத்து மறித்தார், விரலிடுக்கில் ஊற்றினேன். எனக்காகச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கே பசி மறந்துவிட்டது. சட்டி வழித்து மிச்சத்தைக் குடித்தேன், அவ்வளவுதான்.

டாக்டரிடம் எடையைச் சொல்லவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேருமாகத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொன்னார். நானும் சரி என்றேன்.

நாள் 241. பகல் 2:00.

காலையிலும் நிறையக் கொடுத்தேன். மதியம் அவருக்குப் பாதம் வீங்கியிருக்கிறது. கை நடுங்குகிறது. பிரயாணக் களைப்பு என்கிறார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன்.

நாள் 242. காலை 6:50.

மூச்சு வாங்குகிறது. நாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. டாக்டரைக் கூப்பிட்டேன். எல்லா எடையும் சொன்னேன். என்னென்ன கொடுத்தேன் என்றும் சொன்னேன்.

தாய்க்கப்பலிலிருந்து: "ஐயோ பேச்சி. நிறுத்துங்க. இனிமே ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க. அவ்வளவு காய்ஞ்ச உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். திடீர்னு சோறும் சர்க்கரையும் போனா ரத்தத்துல இருக்கிற உப்புச் சத்தெல்லாம் இறங்கிரும். இதயம் தாங்காது. மருந்துப் பெட்டியில பாஸ்பேட் ஊசி இருக்கா பாருங்க."

இல்லை. கலத்தின் மருந்துப் பெட்டியில் இருந்தது, எடை குறைக்கக் கழற்றிப் போட்டதில் அதுவும் வெளியே போயிருக்கிறது. தூசியில் எங்கே தேட.

நாள் 242. காலை 9:25.

இசக்கிமுத்து அண்ணாச்சி இறந்துவிட்டார்.

கடைசியில் தண்ணீர் கேட்டார். கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தார். "நல்ல பாயசம் பிள்ள" என்றார். நான் பிடித்திருந்த கை கனமாயிற்று.

நான்தான் கொன்றேன். முதலில் 66 என்று சொல்லிப் பட்டினி போட்டேன், பிறகு கரண்டியால் ஊட்டினேன். டாக்டர் அப்படிச் சொல்லக் கூடாது என்கிறார். அவர் அப்படித்தானே சொல்வார்.

நாள் 243. காலை 11:00.

அவரை விட்டுவிட்டுப் போக மாட்டேன். 102தான், கலம் தூக்கும். அதிலே தடை இல்லை. மூடிய இணைப்புப் பாதை வழியாக ஏணிக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டினேன். மேலே நின்று இழுத்தேன். ஆறு படி வந்தார். இடது கால் மடங்கியது. ஒட்டாத எலும்பு, ஒட்ட வைக்க நான் சாப்பிடவில்லை. கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் கீழே விழுந்தார்.

மறுபடி முயன்றேன். இரண்டு படி.

மறுபடி.

முடியவில்லை.

பகல் 3:40.

தாய்க்கப்பலிலிருந்து, தலைவர்: "பேச்சி, நாளைக் காலைக்குள்ள ஏறலைன்னா எரிபொருள் ஆவியாயிரும். அவரை அங்கயே விட்டுருங்க. அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்."

சொல்லியிருப்பார். அதனால்தான் தாங்கவில்லை.

"இன்னொண்ணு. ரெண்டு இருக்கைக்கும் ஏறத்தாழ ஒரே எடை வேணும். ஒண்ணு காலியா இருந்தா கலம் சாயும். அவர் இடத்துல அம்பது கிலோ கிட்ட ஏதாவது வைக்கணும். உங்களால தூக்க முடிஞ்ச அளவு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க."

மண் வெளியே இருக்கிறது, இந்தக் காலோடு வெளியே போய் அள்ள முடியாது. குழாய்கள் தூக்க முடியாத கனம். உள்ளே, கைக்கு எட்டும் தூரத்தில், சின்னச் சின்னதாக இருப்பது ஒன்றுதான்.

நாள் 244. காலை 5:30. ஏறுகலம்.

அவரை என் படுக்கையில் கிடத்திப் போர்த்திவிட்டேன். மகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கையால் தொற்றி ஏறினேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பை. அவர் எனக்காகச் சாப்பிடாமல் வைத்தவை. நான் அவருக்காகச் சாப்பிடாமல் வைத்தவை. பருப்பு, அரிசி, முட்டைப்பொடி, பாயசம். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அவர் இருக்கையில் அடுக்கிப் பட்டையை இழுத்து மாட்டினேன். சரியாக நாற்பத்தெட்டு வந்ததும் நிறுத்தினேன்.

என் எடை 53. இது உண்மை.

கலத்தின் பலகையில் இரண்டு விளக்கும் பச்சை. எடை சரி என்கிறது. பயணிகள் இருவர் என்கிறது.