மயில்கள் செத்த காடு

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிட்டது, போய் எடுத்து வந்தேன்.

வாங்க: துவரம்பருப்பு, இவருக்குப் பிரஷர் மாத்திரை, கவிதாவுக்குக் காலேஜ் பை.

மத்தியானம் வேலங்காடு. மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே, வண்டித்தடத்தின் கடைசியில். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக எழுதி வைத்தது. உழவு கிடையாது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரம், வேம்பு, புல், ஒரு கிணறு. பழனாத்தாள் அக்கா அங்கே செம்மறி மேய்க்கிறார்.

இன்று வேலியோர மரங்களில் எல்லாம் சிவப்புப் பெயிண்ட். இடுப்பு உயரத்தில் வட்டம்.

"கார்ல வந்தாங்க அம்மிணி. உங்க அண்ணனும் கூட இருந்தாருங்க. நான் என்னன்னு போய்க் கேக்கறது?"

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் அண்ணனே கூப்பிட்டார். கெமிக்கல் குடோனாம். பக்கத்திலேயே துணி வாஷிங் யூனிட். பேசி முடித்துவிட்டாராம். "உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

போடமாட்டேன் என்றேன்.

"ஏம்புள்ள, முள்ளு மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

போனை வைத்துவிட்டேன். இப்போது யோசிக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றிலும் உப்பு, இல்லை சாயம். ஆடு வாய் வைக்கிற தண்ணீர் இது ஒன்றுதான். பழனாத்தாள் அக்காவுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. அப்புறம் நான். வாரம் முழுக்க செக்கிங் டேபிளில் டியூப் லைட்டுக்குக் கீழே பனியனில் ஓட்டை தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது கண் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும். இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். ஆனால் இதுதான் பெரிய காரணம்.

ஜூன் 11, புதன்

புரோக்கர் குணசேகரன் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மாம்பழப் பை. உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்குகிறார்.

"நாங்க கட்டாயப்படுத்தற ஆளுங்க இல்லீங்க அக்கா. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தானுங்க."

வேண்டாம் என்றேன்.

"சரிங்க அக்கா." சிரித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாப்பா காலேஜ் பஸ்ஸுக்கு நால்ரோட்டுலதானுங்க நிக்குது? அங்க லாரி ஜாஸ்திங்க. பாத்து நிக்கச் சொல்லுங்க."

கவிதா எங்கே பஸ் ஏறுகிறாள் என்று நான் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை என்கிறார்.

மாம்பழம் அப்படியே இருக்கிறது. வீடெல்லாம் அந்த வாசம்.

ஜூன் 13, வெள்ளி

ஷிப்மெண்ட். நிமிர நேரமில்லை. இரண்டு நாளாக இவர்தான் கவிதாவை பஸ் ஏற்றிவிடுகிறார். அவளுக்குக் கோபம். "நான் என்ன எல்கேஜியா?" காரணம் சொல்லவில்லை.

பஸ்ஸில் யாரோ: "அந்தப் பக்கம் பூராம் இனிமே குடோனுதானுங்க."

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பழனாத்தாள் அக்கா போன். "அம்மிணி, வாங்க. ஆட்டை இன்னும் உள்ள ஓட்டலீங்க. மயிலெல்லாம் உழுந்து கெடக்குதுங்க."

கிணற்றடியில் ஏழெட்டு. இன்னும் புல்லுக்குள் இருக்கும், தேட மனம் வரவில்லை. சுற்றிலும் மக்காச்சோளம் சிதறிக் கிடந்தது. பூச்சிமருந்து வாடை. ஒரு பெட்டை மயிலுக்கு உயிர் இருந்தது. தண்ணீர் விட்டேன். அலகு திறந்தது, மூடவில்லை.

யாருக்குச் சொல்வது என்று யோசிப்பதற்குள் தடத்தில் வனத்துறை ஜீப்.

"போன் வந்துச்சும்மா. நிலத்துக்காரம்மா ஜோதி மயிலுக்கு வெஷம் வெச்சிருக்காங்கன்னு."

"வெள்ளாமையே இல்லாத காடுங்க சார். நான் எதுக்குங்க மயிலைக் கொல்றேன்?"

வனக்காவலர் சுற்றிலும் பார்த்தார். ஆனாலும் என் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். செத்த மயில்களைச் சாக்கில் கட்டினார்கள். தோகை உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

கை மூன்று தடவை கழுவியாகிவிட்டது. வாடை போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

லீவு. ரேஞ்சர் ஆபீஸ். நீண்ட நேரம் பெஞ்சில். ரேஞ்சர் மோசமில்லை, வயதானவர். "மயில் கேஸு லேசுப்பட்டதில்லைம்மா. வேற யாராச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க. இல்லேன்னா உங்க மேலதான் வரும்."

யாரைச் சொல்ல? போனில் வந்தது என் பெயர் மட்டும்தானாம். அண்ணனுக்கும் பாதி உண்டு என்பது போன் செய்த ஆளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் குணசேகரன் போன்.

"கேள்விப்பட்டனுங்க அக்கா. மனசே ஆறலீங்க. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா மத்ததை நான் பாத்துக்கறனுங்க. பாப்பாவுக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பாக்கோணுமில்லீங்க? கேஸு கீஸுன்னா நல்லாவா இருக்கும்?"

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போட்டுக் குடுத்துரு ஜோதி. எனக்குப் பயமா இருக்கு."

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும்தான்.

ஜூன் 18, புதன்

பழனாத்தாள் அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. கொல்லைப்புறக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அம்மிணி, சொல்றதா வேண்டாமான்னு மூணு நாளாச் சோறு எறங்கலீங்க. சனிக்கெழமை பொழுது சாய, உங்க அண்ணன் வண்டியில ஒரு மூட்டையோட கெணத்துக்கிட்ட நின்னாருங்க. கோழித்தீவனமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

நேராக அண்ணன் கம்பெனிக்குப் போனேன். கட்டிங் டேபிளுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பேசியது மிஷின் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

"மயில் தின்னும்னு நெனைக்கலே புள்ள. நாலு ஆடு செத்தா அவ மேய்க்கறதை உட்டுருவா, நீயும் சலிச்சு உட்டுருவேன்னு அந்தப் புரோக்கரு சொன்னாரு."

"எம் பேரைப் போன்ல சொன்னது?"

"சத்தியமா நானில்லே. அவங்கதான்." முகத்தைத் துடைத்தார். "நானும் மாட்டிக்கிட்டேன் ஜோதி. எம் பேரைச் சொல்லிராதே."

அப்பா மாதிரியே காது இவருக்கு. பேசும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

வேலை ஓடவில்லை. ஓட்டைப் பனியனை ஓகே பக்கம் போட்டிருக்கிறேன். மாரியம்மா, பக்கத்து டேபிள் தென்காசிப் பிள்ளை, எடுத்துக் காட்டினாள்: "என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா?"

கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் விஷயம் உட்பட. கேட்டுக்கொண்டே சடையை அவிழ்த்துப் பின்னினாள். பிறகு, "நீ கையெழுத்துப் போட்டா அப்புறமும் அவங்க நான் எங்கே நிக்கறேன்னு தெரிஞ்சுதானேம்மா வெச்சிருப்பாங்க?"

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். அண்ணன், குணசேகரன், இரண்டு பெயரையும்.

ரேஞ்சர் பேனாவைக் கீழே வைத்தார். "சொந்த அண்ணனாம்மா?"

"ஆமாங்க சார்."

சாட்சி யார் என்று கேட்டபோது பழனாத்தாள் அக்காவின் பெயரைச் சொல்லத் தயங்கினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் அவரே. நான் கூப்பிடவில்லை, கவிதா சொல்லியிருக்கிறாள். பஸ் பிடித்து, கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "நாந்தானுங்க பாத்தது," என்றார்.

சாயங்காலம் அண்ணனைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

ஜூன் 21, சனி

அண்ணி வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார். "மரத்துக்காகக் கூடப்பொறந்தவரைப் புடிச்சுக் குடுத்துட்டீங்க. நல்லா இருங்க." தெருவே பார்த்தது. கவிதா கதவைச் சாத்தினாள்.

ரேஞ்சரிடம் கேட்டேன். குணசேகரன் மேல் ஒன்றும் நிற்காதாம். அப்படி ஒரு ஆளையே தெரியாது என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவ்வளவு பயம்.

என் மேல் கேஸ் இல்லை. மக்காச்சோளத்திலிருந்த மருந்தும் அண்ணன் கம்பெனியில் கிடைத்த டப்பாவும் ஒன்றாம். விசாரணை முடியும்வரை காட்டில் யாரும் மரத்தைத் தொடக்கூடாதாம். சந்தோஷப்பட வேண்டும். சாப்பிடக்கூட முடியவில்லை.

ஜூன் 25, புதன்

அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் யாரும் போன் எடுப்பதில்லை. பெரியப்பா பேத்தி சடங்குக்குப் பத்திரிகை வரவில்லை.

மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

காட்டுக்குப் போனேன். வண்டித்தடத்தின் குறுக்கே புதுக் கல்கால், கம்பிவேலி. தடம் ஓடும் பக்கத்துத் தோட்டத்தைக் குணசேகரன் ஆட்கள் வாங்கியிருக்கிறார்கள். குணசேகரன் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க அக்கா. இது இப்ப நம்ம எடமுங்க. நீங்க தாராளமா வந்து போலாமுங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தீங்கன்னா போதும். பாப்பா வரலீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பழனாத்தாள் அக்கா. வேலி போடுமுன் விடியலில் உள்ளே ஓட்டிய ஆடுகளோடு மாட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. குட்டிகள் கத்தின.

குணசேகரனிடம் கேட்கவில்லை. அடிக்கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பழனாத்தாள் அக்கா ஒவ்வொரு ஆடாக அடியில் தள்ளிவிட்டார். குணசேகரன் தடுக்கவில்லை. போனை எடுத்து, வெளியே வருகிற ஆடு ஒவ்வொன்றையும் நிதானமாகப் படம் பிடித்தார். பிறகு பழனாத்தாள் அக்காவை. கடைசியில், பக்கத்தில் வந்து, கம்பியும் கையுமாக நின்ற என்னை.