வீட்டில் யாரும் இல்லை

என் சண்டைக்காரிக்கு,

நான் நலம். நீயும், உன் வயிற்றில் நாலு மாதமாக அதிகாரம் செய்துகொண்டிருக்கும் ஆளும் நலமா? உன் அக்கா வீட்டுக்குப் போனபின் வாந்தி குறைந்ததா?

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். படித்ததும் துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வராதே. முதலில் என்னைத் திட்டி முடி, காரணத்தைச் சொல்கிறேன்.

நேற்று வேலையாக உன் அம்மா முன்பு குடியிருந்த தெருவுக்குப் போனேன். மாடியில் அதே பச்சைக் கதவு. ஏழு வருடத்துக்கு முன் கையில் டார்ச்சும் புழு அள்ளும் கரண்டியுமாக அதைத் தட்டி, கொசு ஒழிப்பு ஆபீஸிலிருந்து வந்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளேயிருந்து நீ, "வீட்டுல யாரும் இல்லை" என்றாய். அப்படியானால் பேசுவது யார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அவளும் இல்லை" என்றாய். சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே நின்றேன்.

கடைசியில் திறந்தாய். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி பாட்டில். மீன் குஞ்சு வளர்ப்பதாகவும், தினமும் பிஸ்கட் தூள் போடுவதாகவும் பெருமையடித்தாய். டார்ச் அடித்துப் பார்த்தால் அத்தனையும் கொசுப்புழு! இரண்டு நாளில் உன் மீன்களுக்கு இறக்கை முளைக்கும் என்று சொல்லி பாட்டிலைக் கவிழ்த்தேன். கொலைகாரன் என்று பெயர் வைத்தாய். அந்த மாதம் மட்டும் உங்கள் வீட்டை மூன்று தடவை சோதனை போட்டேன். அங்கே கொசுதான் இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று என் சூப்பர்வைசர் கேட்டது நினைவிருக்கிறதா? என்ன நாட்கள் அவை!

அன்று சிரிக்க வைத்த புழு இன்று பயமுறுத்துகிறது. இங்கே புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறது. பகலில் கடிக்கும் கொசுதான் கொண்டுவருகிறது. பலருக்கு வந்ததே தெரியாது. சிலருக்கு இரண்டு நாள் சூடு, உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கலாமாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது என்கிறார் டாக்டரம்மா. அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை.

இன்னொன்று. நலம் என்று மேலே எழுதியது பாதிப் பொய். போன வாரம் எனக்கே வந்துவிட்டது. ஊர்த் தொட்டியையெல்லாம் கவிழ்த்தவன், நம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டைப் பார்க்கவில்லை. சிரிக்காதே. இப்போது எழுந்து நடமாடுகிறேன். நீ அங்கே போனபின் வந்ததால் பிழைத்தோம். காய்ச்சல் விட்டாலும் கிருமி ஆண் உடம்பில் சில மாதம் தங்குமாம், நெருங்கினால் என்னிடமிருந்தே உனக்கு வரலாமாம். பிரசவம் வரை தள்ளியே இருங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது தரையைப் பார்த்தபடி தலையாட்டினேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதுதான் உண்மை.

பகலில் படுத்தாலும் வலை கட்டிக்கொள். உன் அக்காவின் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவிடு. லேசாகச் சூடு தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போ.

டிக்கெட்டைக் கிழித்துப் போடு. மீறி வந்து கதவைத் தட்டினால், வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து நான்தான் சொல்வேன். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ நிற்காதே, கண்ணே. இரண்டு பேரும் திரும்பிப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
உன் மீன்களைக் கொன்றவன்