தாதா தூக்கிக் காட்டிய காகிதம்

என் அருமை அக்கா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று எழுத உட்கார்ந்தது பாசத்தால் மட்டும்தான் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பயம், அக்கா. எது நடந்தாலும் உன்னிடம் வந்து ஒப்பித்துவிட்டால் பாதி பயம் போய்விடும் எனக்கு. இப்போது யாரிடம் போவது?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும். காரணம் கடைசியில் உனக்கே புரியும்.

போன வாரம் மக்களவையில் சுகாதாரத் துறைச் செலவு பற்றி விவாதம். எங்கள் எம்.பி. பேசினார். எதிர்க்கட்சிக்காரர், அதனால் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கிற வேலைதான் ரிட்டையர் ஆனதிலிருந்து எனக்கு. இது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரெல்லாம் அவரை தாதா என்று கூப்பிடுகிறது, வங்காளியில் அண்ணன் என்று அர்த்தம். என்னைவிடச் சின்னவரை நானும் தாதா என்றுதான் கூப்பிடுகிறேன். "உங்க தாதா கத்தற கத்துல நீ எழுதினது பாதி காத்துல போயிடறதுடா" என்று டிவி முன்னால் உட்கார்ந்து நீ கேலி செய்வாயே, அதே தாதா.

பட்ஜெட் அன்று ஒரு தொகையைச் சொல்லி மேஜையைத் தட்டுவார்கள். அடுத்த வருஷம் அதே தொகை சின்ன எழுத்தில் குறைந்திருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. இந்த முறை எனக்குக் கிடைத்தது, மத்திய அரசு ஆஸ்பத்திரிகளில் மெஷின்களைப் பழுது பார்க்க ஒதுக்கிய பணம். செலவே ஆகாமல் திரும்பிப் போயிருந்தது. படித்தபோது என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. நீ படுத்திருந்த டயாலிசிஸ் வார்டில் பெட்ஷீட் போட்டு மூடி வைத்திருந்த அந்த மெஷின்கள்தான் தெரிந்தன.

வாரத்துக்கு மூன்று முறை என்றிருந்தது உனக்கு. அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. உன் கால் வீங்கிப் போய் செருப்பு நுழையாமல் போனது. ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாய். "வரிசைல எனக்கு முன்னாடி இருக்கறவாளும் மனுஷாதானேடா" என்று என்னை அடக்கினாய். மெஷின் ஓடியிருந்தால் நீ இன்று லேக் கார்டன்ஸ் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாயா? எந்த டாக்டரும் அதற்குப் பதில் சொல்ல மாட்டார்.

நீ போன மறுவாரம் உன் பிளாஸ்க்கையும் போர்வையையும் எடுத்து வர அங்கே போனேன். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதத்தின் நகலைக் கொடுத்தார். யார் அவர் என்பது உனக்குத் தெரியும். ஆணா பெண்ணா, டாக்டரா நர்ஸா, எந்த ஊர், எந்த மொழியில் பேசினார், எதையும் இங்கே எழுத மாட்டேன். தமிழில் எழுதுவதால் அவர் தமிழர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"மெஷின் நின்னுபோச்சுன்னு எழுதி எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரும் வரலை. நீங்களாவது பாருங்க. ஆனா இது என் கையெழுத்து. வெளில தெரிஞ்சா என் வேலை போயிடும். வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்."

"யார் கண்ணுலயும் படாது" என்று வாக்குக் கொடுத்தேன். வாய்தான் கொடுத்தது, புத்தி அதைக் காப்பாற்றவில்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தாதா பேசப்போகிற விஷயத்தை மேலே வைப்பேன். அதற்கான அத்தாட்சிகளை அடியில் சேர்த்துக் குத்தி வைப்பேன். வெளியே காட்டக் கூடாத எதையும் அந்தக் கோப்பில் வைப்பதே இல்லை. ஏனென்றால் அவையில் ஒருவர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டிவிட்டால் விஷயம் அதோடு முடியாது. எதிர்த்தரப்பு கேட்டால், அது உண்மை என்று தன் கையெழுத்தைப் போட்டு அவையில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒப்படைத்தால் அது எல்லோருக்கும் பொது. இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்த முறை அந்த நகலையும் குத்தி வைத்தேன். தாதா ஒரு தடவை அதைப் படித்துவிட்டால், உன்னை நினைத்துப் பேசுவார் என்று தோன்றியது. எடுத்துவிடலாம், எடுத்துவிடலாம் என்றே இருந்து, எடுக்காமல் டெல்லிக்கு அனுப்பிவிட்டேன்.

தாதாவின் டாலிகஞ்ச் ஆபீஸில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். தாதா நன்றாகத்தான் பேசினார். மெஷின்களைப் பற்றிச் சொன்னதும் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கத்தினார். பின்னாலேயே பத்துப் பேர் கத்தினார்கள். தாதாவுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கை கோப்பின் அடியில் போனது. காகிதத்தை உருவித் தலைக்கு மேலே தூக்கியது. நான் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன், அக்கா. டீ கொண்டு வந்தவர், "கீ ஹோலோ, மணிபாபு?" என்ன ஆச்சு என்று கேட்டபடி என் தோளைப் பிடித்தார். சபாநாயகர் திங்கட்கிழமைக்குள் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்கப்புறம் என் போன் ஒலித்தபோதெல்லாம் அந்த வார்டிலிருந்துதான் என்று நினைத்தேன். ஒரு தடவை அது காகிதம் கொடுத்தவரேதான். "டிவில காட்டினாங்களே, அது நான் கொடுத்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை தாதா ஊருக்கு வந்தார். நேரே போய் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"மணிபாபு, பைத்தியமா உங்களுக்கு? இதைக் கொடுக்கலைன்னா நான் சொன்னது பொய்னு ஆயிடும். நான் பேசினதையே அவைக்குறிப்புலேருந்து எடுத்துடுவாங்க."

"கொடுத்தா ஒருத்தர் வேலை போயிடும் தாதா."

"நாம காப்பாத்துவோம். போராட்டம் பண்ணுவோம்."

"நீங்க போராட்டம் முடிச்சு டெல்லி போயிடுவீங்க. அவங்க அந்த வார்டுலயே இருக்கணும்."

தாதா கெட்டவர் இல்லை, அக்கா. ஆனால் அவருக்கு மறுநாள் பேப்பரில் வருவது முக்கியம். எனக்கும் இத்தனை வருஷமாக அதுதானே முக்கியமாக இருந்தது?

அப்போதுதான் சொன்னேன். காகிதத்துக்குப் பதிலாக என் வாக்குமூலத்தை ஒப்படையுங்கள். மூடி வைத்த மெஷின்களைக் கண்ணால் பார்த்தவன் நான். நோயாளியின் தம்பி. எந்தெந்த நாள் அவளைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவளுடைய சிகிச்சைப் புத்தகத்தில் இருக்கிறது, அதன் நகலையும் சேர்க்கிறேன். உன் பெயரும் என் பெயரும் விலாசமும் இருக்கும். வேறு யார் பெயரும் இருக்காது.

உன்னைக் கேட்காமல் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வருமா? ரேஷன் கடை வரிசையில்கூடப் பெயரைக் கூப்பிட்டால் கூசுகிறவள் நீ.

வீட்டுக்கு வந்து என் மனைவி மாலதியிடம் சொன்னேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்னு நான் சொல்லலை" என்றாள். "ஆனா நீங்க போய்ப் படுக்கப்போறதும் அதே வார்டுலதானே?"

உனக்கு நான் சொல்லாமல் மறைத்தது அதுதான், அக்கா. நம் வீட்டு நோய் என்னையும் விடவில்லை. நீ இருக்கும்போதே எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இந்த மாதம் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று முறை என்றால் நம்மால் எத்தனை மாதம் தாங்கும்? ரிட்டையர் ஆன மத்திய அரசு ஊழியனுக்கு இருக்கிற மருத்துவ அட்டை எந்தக் கதவைத் திறக்கிறதோ, அந்தக் கதவுதான்.

யார் மேல் குற்றம் சொல்லியிருக்கிறேனோ அவர்களிடமே என் கையை நீட்ட வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள், எனக்குத் தெரியும். ஆனால் மேலே இருக்கிறவர்கள்? என் முறை வரும்போது கோப்பு காணவில்லை என்று சொன்னால்? இன்று மெஷின் இல்லை, நாளை வாருங்கள் என்றால்? உன் கால் வீங்கியதை இத்தனை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். செத்துப் போவதுகூட இல்லை, அந்த உட்கார்ந்தே தூங்குகிற ராத்திரிகளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இருந்தும் கையெழுத்துப் போட்டேன். தாதா அதை வாங்கிக்கொண்டு, தூக்கிக் காட்டிய காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். அதை அன்றே கொளுத்தினேன்.

திங்கட்கிழமை தாதா என் வாக்குமூலத்தை ஒப்படைத்தார். காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று எதிர்வரிசை சிரித்தது. ஏற்பதா இல்லையா என்று பிறகு சொல்கிறோம் என்று சபாநாயகர் அலுவலகத்தில் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் புகார் எழுதியது யார் என்று விசாரிப்பதாகக் காதில் விழுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: குற்றம் சொன்னவன் நான். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். வியாழக்கிழமை காலையில் அந்த வார்டு வாசலில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பேன்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கைக் கோட்டைவிட்டவன் கொடுக்கிறான் என்று தள்ளிவிடாதே. என் பெயரைக் கூப்பிடும்போது, இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்வேன். மெஷின் ஓடினால் கையை நீட்டுவேன். ஓடாவிட்டால் புகாரை நானே எழுதி, கீழே என் பெயரைப் போட்டுவிட்டு வருவேன். எனக்காக இனி அங்கே வேறு யாரும் பயந்து பயந்து எழுத வேண்டாம். பயப்படுவதற்கு நான் இருக்கிறேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த தம்பி,
ராஜாமணி